மறு: ‘பேக் அப்’ – காப்பு வேறு, முட்டு வேறு

அனைவருக்கும் வணக்கம். மென்பொருள் திரைகளைத் தமிழாக்கும்போது ‘பேக் அப்’ (back up) என்பதை எப்படிச் சொல்வது என்று வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘பிரிண்ட் க்யூ ஈஸ் பேக்கிங் அப்’ = ‘அச்சு வரிசை காப்பெடுக்கப்படுகிறது’. சரிதானா?

இல்லை தம்பி. ‘பேக் அப்’ கண்ணில் பட்டதும் கை தானாகக் ‘காப்பு’ என்று தட்டிவிடும், எனக்கும் நடந்திருக்கிறது. காப்பு என்றால் கோப்பைப் பத்திரமாக இன்னொரு நகல் எடுத்து வைப்பது. ஆனால் அச்சுப்பொறி இங்கே எதையும் பத்திரப்படுத்தவில்லை. முன்னால் ஒரு கோப்பு சிக்கிக்கொண்டது, பின்னால் வந்தவை போக வழியில்லாமல் சேருகின்றன.

பொதுவாக ஒன்றைக் கவனியுங்கள். கோப்பை, தரவை, போனை என்று ‘ஐ’ வந்தால் காப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். வரிசையோ சாக்கடையோ போக்குவரத்தோ தானாகவே ‘பேக் அப்’ ஆனால் அது இரண்டாவது பொருள்: முன்னால் தடைபட்டுப் பின்னால் சேருவது. (காரை ‘பேக் அப்’ செய்வது அமெரிக்க வழக்கில் வண்டியைப் பின்னால் எடுப்பது. அங்கே ‘ஐ’ ஏமாற்றும்.) பெயர்ச்சொல்லாக வரும்போது ஒரே சொல்லாக எழுதி முதல் அசையை அழுத்துவார்கள், வினையில் பிரித்து எழுதி ‘அப்’பை அழுத்துவார்கள்.

இரண்டாவது பொருளுக்கு என் பரிந்துரை: முட்டு.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே எங்களுக்குக் கொஞ்சம் சம்பா. ஒரு ஐப்பசி மழையில் வடிகால் கரையில் நின்றிருந்தேன். கிழக்கே ஓட வேண்டிய தண்ணீரில் ஒரு வைக்கோல் துரும்பு அசையாமல் நின்றது. சற்று நேரத்தில் மெல்ல மேற்கே நகர்ந்தது. வரப்பில் நண்டு வளை வழியாக வயலுக்குள் தண்ணீர் கொப்பளித்தது. மண்வெட்டியோடு வந்த பெரியவர் பார்த்துவிட்டு, “கீழ எங்கயோ முட்டுது தம்பி” என்றார். அரை மைல் தள்ளிப் போய்ப் பார்த்தால், பாலத்தடியில் ஆகாயத்தாமரை மெத்தை போட்டதுபோல் அடைத்துக்கிடந்தது.

> ‘தேங்குதல்’ போதாதா?

போதாது ஐயா. மேட்டூரில் 120 அடிக்கு 93.47 டிஎம்சி தேக்குகிறோம். அது நாமே வேண்டிச் செய்வது, கோளாறு இல்லை. ‘அடைப்பு’ காரணத்தைச் சொல்கிறது, விளைவைச் சொல்லவில்லை. அடைப்பு பாலத்தடியில், அவதி என் வயலில். ‘நெரிசல்’ கூட்டத்துக்குப் பொருந்தும், ஆனால் அங்கே முன்னால் தடை இருக்க வேண்டும் என்பதில்லை. முன்னால் தடை, பின்னால் ஏற்றம் இரண்டும் ‘முட்டு’ என்ற ஒரு சொல்லில் வந்துவிடுகின்றன.

> முட்டு என்றால் ஆடுதான் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் சிறுநீர். கொச்சையாக இல்லையா?

அக்கா, அந்த இரண்டாவது உதாரணம் எனக்குத்தான் சாட்சி! பொருள் அச்சு அசல் அதேதான். ஆடு யாரையாவது முட்டும். வரிசை யாரையும் முட்டாது, முட்டி நிற்கும். குழப்பம் வராது. இன்னொரு வேடிக்கை: சாய்கிற வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோமே, ஒருவர் பேச்சுக்குத் துணை நிற்கும் ‘பேக் அப்’பும் கிட்டத்தட்ட அதுதான். ஆங்கிலத்தில் ஒரே வினை, நமக்கும் ஒரே சொல். திட்டமிட்டு அமைந்ததில்லை, ஆனாலும் விட மனமில்லை.

கொச்சை என்று தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஆற்றங்கரையே போதும். ஆற்றில் தண்ணீரைத் திறந்து மூடும் கதவணைக்கு எழுத்தில் ‘நீரொழுங்கி’, பேச்சில் ‘சட்ரஸ்’. நீரொழுங்கி அழகான சொல்தான், எனக்குப் பிடிக்கும். ஆனால் “நீரொழுங்கிகிட்ட இறங்கிக்கறேன்” என்று பஸ்ஸில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முட்டு ஏற்கெனவே வாயில் இருக்கிறது.

ஆகவே: ‘அச்சு வரிசை முட்டி நிற்கிறது’, ‘கோரிக்கைகள் முட்டி நிற்கின்றன’. பெயர்ச்சொல் வேண்டுமானால் ‘முட்டுத்தேக்கம்’. இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம், எனக்கே சற்று நீளமாகப் படுகிறது. பொத்தானில் ‘காப்பெடு’ அப்படியே இருக்கட்டும்.

‘பேக்டு அப் ஃபைல்ஸ்’ என்ற சரத்தை (திரையில் வரும் சொற்றொடரை) மட்டும் தொடவில்லை. காப்பெடுத்த கோப்புகளா, முட்டி நிற்கும் கோப்புகளா? தம்பி, அது வரும் திரையைப் படம் பிடித்து அனுப்புங்கள்.