மார்கழிப் பனியில் கொடைக்கானலுக்கு வேன் அனுப்புகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

செல்லூர் மருந்துக்கடை
மதுரை செல்லூரில் மொத்த மருந்து வியாபாரம் செய்கிறேன். மூன்று வேன், நான்கு டிரைவர். கொடைக்கானல் வேன் அதிகாலை 3.30-க்குக் கிளம்பும். போன செவ்வாய் வாடிப்பட்டி தாண்டியதும் ஒரே பனிமூட்டம். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். பின்பக்கம் விளக்கும் இல்லை, சிவப்பு ஸ்டிக்கரும் இல்லை. கிட்டே போன பிறகுதான் தெரிந்திருக்கிறது. பிரேக் அடித்து வேன் மண்ணில் இறங்கி நின்றது. டிரைவர் தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் மனைவி போனில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகிறவர்களும் அதே ரோட்டில் இருட்டோடு நடக்கிறார்கள். மஞ்சள் ஃபாக் லைட் மாட்டிவிட்டேன். வேறு என்ன செய்ய வேண்டும்?

பழைய பஸ் டிரைவர்
அம்மா, வத்தலக்குண்டு மலைப்பாதையில் 19 வருஷம் பஸ் ஓட்டியவன் நான். ஃபாக் லைட்டை எங்கே மாட்டினீர்கள்? பம்பரிலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். பனியில் பிரைட் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், டிம்தான் சரி. நாலு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே ஓட்டுவது தப்பு. நிற்கிற வண்டியா, ஓடுகிற வண்டியா என்று பின்னால் வருகிறவருக்குப் புரியாது. கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தால் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடச் சொல்லுங்கள். மலையில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். அப்புறம், பெருமாள்மலைப் பக்கம் சாயங்காலத்துக்குக் காத்திராமல் மதியமே பனி இறங்கிவிடும். மூன்று மணிக்குள் கீழே வந்துவிடுவது நல்லது.

உசிலம்பட்டி பூவண்டி
அக்கா, லைட்டை விடுங்கள். 3.30 என்பது யார் வைத்த நேரம்? நான் மாட்டுத்தாவணிக்கு மல்லிகை ஏற்றியவன். விடிவதற்குள் பூ சந்தையில் இருந்தாக வேண்டும், விடிந்தால் விலை போய்விடும். மருந்துக்கு அந்த அவசரம் இல்லையே. பனியில் மெதுவாகப் போனால் "எங்கே இருக்கே?" என்று முதலாளி போன் வரும். அதை எடுப்போமா, ரோட்டைப் பார்ப்போமா? லேட்டானால் ஏச்சு இல்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். முந்தின இரவு லோடு இறக்கியவரையே விடியற்காலை அனுப்பாதீர்கள். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் நடுவில் அரை மணி ஓய்வு என்று வைத்தது.

செல்லூர் மருந்துக்கடை
நேரம் வைத்தது நான்தான். பத்து வருஷமாக யோசிக்கவே இல்லை. இன்று கொடைக்கானல் கடைகள் ஒன்பதுக்கும் போன் போட்டேன். ஏழு பேர் 11 மணிக்கு வந்தால் போதும் என்றார்கள். மற்ற இருவருக்கும் இன்சுலின்தான் அவசரம். அதை முந்தின நடையிலேயே கூடுதலாகக் கொடுத்துவிடலாம். இனி தை முடியும்வரை வேன் காலை 7 மணிக்குத்தான் கிளம்பும். "நான் பயந்துட்டேன்னு நினைக்கிறீங்களாக்கா?" என்று தம்பி கேட்டார். பயந்தது நான் என்றேன். ஐயா, ஃபாக் லைட்டை மேலே கேரியரில்தான் மாட்டியிருந்தார்கள். நாளைக்குக் கீழே இறக்குகிறோம்.