மேட்ரிக்ஸுக்கு ஒரே சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

திசுக்களில் செல்களுக்கு வெளியே அவற்றைச் சூழ்ந்திருக்கும் பொருளான 'எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ்' என்பதற்குத் தமிழில் 'செல்புற அணி' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. கணிதத்தில் மேட்ரிக்ஸ் அணிதானே, இங்கும் அதுவே இருக்கட்டும் என்பது வாதம். எனக்கு உடன்பாடில்லை. கொலாஜன், எலாஸ்டின், புரோட்டியோகிளைக்கன் போன்ற புரதப் பொருள்கள் பின்னிக்கிடக்க, நடுவே செல்கள் பதிந்திருக்கின்றன. அங்கே நிரையும் (கிடைவரிசை) இல்லை, நிரலும் (நெடுவரிசை) இல்லை. எதை வைத்து அணி என்பது?

இலத்தீன் 'மாத்ரிக்ஸ்', தாயைக் குறிக்கும் 'மாத்தெர்' வழி வந்தது. முதலில் ஈனுவதற்கென்று வளர்க்கும் பெண் விலங்கு. பிறகு கருப்பை. அப்புறம், மற்றவற்றுக்கு மூலமான பெயர்ப்பதிவேடு. நாம் 'தாய்ப்பத்திரம்' என்கிறோமே, அதே போக்குதான். பதிவேட்டுப் பொருளில் பிறந்த மகள் 'மாத்ரிகுலா'. புனித ரோமப் பேரரசின் படைக்கு எந்தச் சிற்றரசு எத்தனை வீரர் தர வேண்டும் என்று 1521-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் எழுதிய பட்டியலுக்கு ஜெர்மானியர் வைத்த பெயர் 'ரைக்ஸ்மாத்ரிக்கெல்'. இன்றும் அங்கே பல்கலைக்கழக மாணவரின் பதிவெண் 'மாத்ரிக்கெல்நும்மர்'. ஸ்பானிய 'மத்ரீகுலா' கல்லூரிச் சேர்க்கையையும் குறிக்கும், காரின் நம்பர் பிளேட்டையும் குறிக்கும். இத்தாலிய 'மத்ரீகோலா' முதலாண்டு மாணவன். நம்மூர் மெட்ரிகுலேஷன் பள்ளியின் பெயர்ப்பலகையில் இருப்பது இந்தக் குடும்பத்துப் பேத்தி. போர்ச்சுகீசியர் மட்டும் பழைய தாய்ப்பொருளை விடாமல், ஊரின் தலைமைத் தேவாலயத்தை 'இக்ரேஜா மத்ரீஸ்' என்கிறார்கள்.

கணிதத்துக்கு 'மேட்ரிக்ஸ்' என்ற சொல்லைக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜே. ஜே. சில்வெஸ்டர், 1850-இல். அவர் நினைத்ததும் வரிசை ஒழுங்கை அல்ல. ஒரு செவ்வக எண்தொகுதியில் வெவ்வேறு நிரைகளையும் நிரல்களையும் தேர்ந்தெடுத்தால் வெவ்வேறு அணிக்கோவைகள் (டிடர்மினன்ட்) கிடைக்கும். அவற்றை ஈனும் கருப்பை என்ற பொருளில்தான் பெயரிட்டார். போலந்துக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, தாய்க்கு வழங்கிய தங்கள் பழஞ்சொல்லான 'மாச்செஷ்' என்பதையே கணிதத்தில் வைத்தார்கள். இலங்கைப் பாடநூல்களில் 'தாயம்'. தாயம் என்றதும் பகடையும் தாயாதிச் சொத்தும் நினைவுக்கு வந்தாலும், காதில் தாய் ஒலிக்கத்தான் செய்கிறது. தமிழ்நாட்டில் நாம் தோற்றத்தைப் பார்த்து 'அணி' என்றோம். அதில் தவறில்லை; டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிக்குக்கூடப் பொருந்தும். உயிரியலுக்குப் பொருந்தாது.

உயிரியலிலும் ஒரே பொருள் இல்லை. நக மேட்ரிக்ஸ் என்பது நகத்தை உண்டாக்கும் செல்லடுக்கு; கருப்பைப் பொருள் அங்கே அப்படியே இருக்கிறது. அதற்கு 'நக முளைத்தளம்' என்பேன். குருத்தெலும்பிலும் எலும்பிலும் மேட்ரிக்ஸ் என்பது செல்களைத் தனக்குள் பொதிந்து வைத்திருக்கும் பொருள். நிலவியலில் புதைபடிவத்தைச் சூழ்ந்திருக்கும் பாறையும் அப்படித்தான். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில், அதற்கான வேதிவினைத் தொடரான சிட்ரிக் அமிலச் சுழற்சி நடக்கும் உட்பகுதியையும் இதில் சேர்க்கலாம். இவற்றுக்குப் 'பொதிகளம்' என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை: செல்புறப் பொதிகளம், எலும்புப் பொதிகளம். 'தளப்பொருள்' என்று வைக்கலாமே என்றால், அது அடியில் கிடப்பதைச் சொல்கிறது; நமக்கு வேண்டியது சூழ்ந்திருப்பது.

பொதிகளம் கொஞ்சம் நீளம்தான். 'பொதியம்' என்று சுருக்கலாம் என்று பார்த்தால், அகத்தியர் மலை ஏற்கெனவே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. வேறு சுருக்கம் தோன்றினால் எழுதுங்கள்.