கலைச்சொல் உதவி: எதிர்ப்புக்குக் கீழே ஒரு சொல் வேண்டும்

நா.க. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். கல்லூரிப் பாடநூல் ஒன்றில் நாஜி ஆட்சிக்கால இளைஞர் குழுக்கள் பற்றிய அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

வரலாற்றாசிரியர் மார்ட்டின் ப்ரோஸாட், 1977 முதல் 1983 வரை ஆறு தொகுதிகளாக வந்த, நாஜிக்காலப் பவேரியா மாநிலம் பற்றிய ஆய்வில் ‘விடர்ஷ்டாண்ட்’, ‘ரெசிஸ்டென்ஸ்’ என்று இரண்டைப் பிரிக்கிறார். ஆட்சியை வீழ்த்தும் எண்ணத்தோடு செய்வது முதலாவது. செய்பவரின் எண்ணம் எதுவானாலும், ஆட்சியின் அதிகாரம் அந்த இடத்தில் செல்லுபடியாகாமல் போனால் இரண்டாவது. முதலாவதற்கு ‘எதிர்ப்பு’ போட்டாயிற்று. இரண்டாவதற்கு என்ன போடுவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்னொரு வரலாற்றாசிரியரான டெட்லெஃப் பாய்க்கர்ட்டின் படிநிலையும் அதே பக்கத்தில் வருகிறது: இணங்காமை, மறுப்பு, கண்டனம், எதிர்ப்பு. இந்த நான்கும் செலவாகிவிட்டன.

செ.மு. எழுதியது:

‘எதிர்ப்பு’ என்பதே முதலில் சரியா? எதிர் என்றால் முன்னால் நிற்பது, அவ்வளவுதான். எதிர்கொண்டு அழைப்பதும் எதிர்தான், எதிர்காலமும் எதிர்தான். பகை அதன் வேரில் இல்லை. தமிழில் பகைவருக்கு உள்ள பெயர்களைப் பாருங்கள்: ஒன்னார், ஒட்டார், நண்ணார், செறுநர், தெவ்வர். முதல் மூன்றும் ‘சேராதவர்’ என்ற பொருளில் பிறந்தவை. ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும் ஒன்னார்’ என்கிறது குறள். சேராமல் நிற்பதே பகை என்று கண்ட மொழி இது. ப்ரோஸாட் தேடியதும் இதைத்தானே? ‘ஒன்னாமை’ என்று வையுங்கள்.

வி.ரா. எழுதியது:

ஐயா, ‘ஒன்னாமை’ என்று அச்சிட்டால் மாணவர் அதை ஒண்ணாமை என்று படித்து, இயலாமை என்று பொருள் கொள்வார். குறளே வேண்டுமென்றால் ‘ஒட்டார்பின் சென்றொருவன் வாழ்தலின்’ இருக்கிறதே, ‘ஒட்டாமை’ எடுக்கலாம். யாரோடும் ஒட்டாமல் இருக்கிறான் என்று இன்றும் சொல்கிறோம்.

ஆனால் அந்தச் சொல் அத்தியாயத்தில் வரும் பையன்களுக்குப் பொருந்துமா என்று பார்க்கவேண்டும். ஜெர்மனியின் கொலோன், ரூர் பகுதிகளில் இருந்த எடல்வைஸ் பைரேட்ஸ் என்ற இளைஞர் குழுக்களில் பெரும்பாலும் 14 முதல் 17 வயதுத் தொழிலாளர் பிள்ளைகள். பள்ளி முடிந்து வேலைக்குப் போயாயிற்று, படைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை, அந்த இடைவெளிக்காரர்கள். கட்டம் போட்ட சட்டை, எடல்வைஸ் பூச்சின்னம், கிதார், வார இறுதியில் காட்டு நடை. 1939 மார்ச்சில் ஹிட்லர் இளைஞர் அணிச் சேவை சட்டப்படி கட்டாயமானது. அதற்கு முன் அணிக்குப் போகாமல் இருப்பது மட்டும் தண்டனைக்குரியதல்ல. பிறகு அணியை விட்டுக் காட்டுக்கு நடந்தால் அதுவே குற்றம். நடந்தவன் மாறவில்லை, சட்டம் மாறியது. ப்ரோஸாட்டின் சொல் இந்த இடத்துக்காகத்தான். ஆனால் இவர்கள் அணியின் ரோந்துப் படையை வழிமறித்து அடிக்கவும் செய்தார்கள். அடிப்பவனை ‘ஒட்டாதவன்’ என்றால் சப்பென்று இருக்கிறது.

மா.சு. எழுதியது:

ப்ரோஸாட் இந்தச் சொல்லை மருத்துவத்திலிருந்தும் இயற்பியலிலிருந்தும் எடுத்தார். உடல் நோய்க்கு இடம் கொடாதது, கம்பி மின்சாரத்துக்குத் தடையாவது. நம்மிடம் இரண்டும் தயாராக இருக்கின்றன: எதிர்ப்பாற்றல், மின்தடை. ‘தடைமை’ என்று ஆக்கினால் வேலை முடிந்தது.

வி.ரா. எழுதியது:

தேர்வுத்தாளில் ‘தடையம்’ என்று வரும், தயாராக இருங்கள். ‘எதிர்ப்பாற்றல்’ இன்னும் ஆபத்து, தடுப்பூசி பற்றிய பாடமோ என்று நினைப்பார்கள். ‘ஒத்துழையாமை’ என்று யாராவது சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அது 1920இல் தலைவர் அழைத்து, பெயர் சூட்டி நடத்திய இயக்கம். ஹாம்பர்க் ஸ்விங் இளைஞர்களை யாரும் அழைக்கவில்லை. நீளமுடி வளர்த்து, தடை செய்த ஆங்கில நடன இசைக்கு ஆடினார்கள். அதற்கே நாஜி காவல்துறைத் தலைவர் ஹிம்லர் 1942 ஜனவரி 26 அன்று தன் கீழிருந்த ஹைட்ரிஹுக்கு எழுதி, முன்னணியில் இருப்பவர்களை இரண்டு மூன்று ஆண்டு வதைமுகாமில் வைக்கச் சொன்னார்.

இ.த. எழுதியது:

அத்தியாயத்தில், நாஜிகளை எதிர்த்து அறிக்கை பரப்பிய ம்யூனிக் மாணவர் குழுவான வெள்ளை ரோஜா பற்றிய பகுதியில் ‘படிப்பெருக்கி’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது என்ன? எங்கட பக்கத்தில ரோனியோ எண்டு சொன்னால்தான் ஆக்களுக்கு விளங்கும்.

நா.க. எழுதியது:

கையால் சுற்றிப் படியெடுக்கும் பொறிதான், தமிழ்நாட்டில் சைக்ளோஸ்டைல். இரண்டில் எதைப் போட்டாலும் பாதிப்பேருக்குப் புரியாது என்றுதான் படிப்பெருக்கி.

மா.சு. எழுதியது:

சொல் எதுவானாலும் செய்முறையைச் சரியாக எழுதுங்கள். வரைவில் ‘அச்சிட்டனர்’ என்று இருக்கிறது. அச்சுக்கோப்பு அங்கே இல்லை. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில், நாடாவை விலக்கிவிட்டுத் தட்டச்சு செய்யவேண்டும். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். கைப்பிடியைச் சுற்றும்போது அதன் வழியாக மை கசியும். ஓங்கித் தட்டினால் ‘ஓ’ எழுத்தின் நடு வட்டம் பெயர்ந்து மைப்பொட்டாகிவிடும். மெதுவாகத் தட்டினால் எழுத்தே எழும்பாது. தாள் மையை உறிஞ்சவேண்டும், வழவழப்பான தாளில் மை காயாமல் இழுவும். 1942 ஜூன், ஜூலையில் வந்த முதல் நான்கு அறிக்கைகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூறு படிகள்தான். 1943 ஜனவரியின் ஐந்தாவது ஆயிரக்கணக்கில் போனது. அத்தனை தாளையும் உறையையும் தபால்தலையையும் ஒரே கடையில் வாங்கினால் சந்தேகம் வரும், ஆகவே பல கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக.

ஹாம்பர்க்கின் ஹெல்முத் ஹ்யூபனர் வேறு கதை. பிபிசி கேட்டு, கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்தவர். கார்பனில் நாலைந்து படிக்கு மேல் மங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து அடிக்கவேண்டும். 1942 அக்டோபர் 27இல் தலை வெட்டப்பட்டபோது வயது 17. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்காதீர்கள்.

செ.மு. எழுதியது:

‘துண்டுப் பிரசுரம்’ என்பதையும் மாற்றுங்கள். பிரசுரம் வடசொல். துண்டறிக்கை போதும்.

நா.க. எழுதியது:

மாற்றிவிட்டேன் ஐயா. இன்று புதன். மூலச் சொல்லுக்கு வருவோமா? ‘பிடி கொடுக்காமல்’ என்கிறோமே, அதிலிருந்து ‘பிடிகொடாமை’ எப்படி? ஆட்சியின் பிடி என்பது அத்தியாயத்தில் ஏற்கெனவே வருகிறது.

வி.ரா. எழுதியது:

நழுவல் வாடை அடிக்கிறது. பிடி கொடுக்காமல் பேசுபவன் சாமர்த்தியக்காரன். ஆனால் இதுவரை வந்தவற்றில் நோக்கத்தைச் சொல்லாமல் விளைவை மட்டும் சொல்வது இது ஒன்றுதான். ப்ரோஸாட்டின் வரையறையும் அதுவே. ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: எடல்வைஸ் குழுக்களை முழுக்க இந்தத் தலைப்பின்கீழ் அடைக்கக்கூடாது. 1944இல் கொலோனின் ஏரன்ஃபெல்ட் பகுதியில் அவர்களில் சிலர், படையிலிருந்து ஓடியவர்களோடும் தப்பிய கட்டாயத் தொழிலாளர்களோடும் சேர்ந்து துப்பாக்கி தூக்கினார்கள். நவம்பர் 10 அன்று விசாரணை இல்லாமல் 13 பேர் தெருவில் தூக்கிலிடப்பட்டார்கள். பார்த்தலோமேயுஸ் ஷிங்குக்கு 16 வயது. போர் முடிந்து பல பத்தாண்டுகள் இவர்கள் குற்றவாளிகளாகவே கருதப்பட்டார்கள். இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் 1984இல் ஷிங்கைக் கௌரவித்தது. கொலோன் அதிகாரிகள் எதிர்ப்பாளர்களாக ஏற்றது 2005இல்தான். நாம் ‘எதிர்ப்பு’ என்ற சொல்லை ம்யூனிக் மாணவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டால், பழைய அதிகாரிகளின் கோப்புகளையே தமிழில் பெயர்த்ததாக ஆகும்.

மா.சு. எழுதியது:

சரி, பிடிகொடாமை. தடைமையை வேறு அத்தியாயத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

இ.த. எழுதியது:

எனக்கும் சம்மதம். ரோனியோவை அடைப்புக்குள்ளயாவது போடுங்கோ.

செ.மு. எழுதியது:

எனக்குச் சம்மதமில்லை. ‘கொடாமை’ என்றால் ஈயாமை, கஞ்சத்தனம். நூலில் என்ன வந்தாலும் கலைச்சொல் பட்டியலில் ‘ஒன்னாமை’யை மாற்றுச்சொல்லாகக் குறித்து வையுங்கள். ‘பைரேட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் விட்டிருப்பதும் கண்ணை உறுத்துகிறது. கடற்கொள்ளையர் என்பதற்கு நம்மிடம் சொல்லா இல்லை? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.