'வேண்டும்' படுத்திய பாடு: எஸ்பெராந்தோவில் நான் சறுக்கிய இடங்கள்

எஸ்பெராந்தோ கற்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. 1887-இல் ஸமென்ஹோஃப் என்பவர் தானே உருவாக்கி வார்சாவில் வெளியிட்ட செயற்கை மொழி. வினைச்சொற்களில் விதிவிலக்கே கிடையாது என்று கேள்விப்பட்டுத்தான் உள்ளே போனேன். அது உண்மைதான். என்னை வாரிவிட்டது நம்முடைய 'வேண்டும்'.

'தண்ணீர் வேண்டும்', 'போக வேண்டும்' இரண்டும் நமக்கு ஒரே சொல். அங்கே விருப்பத்துக்கு வோலி, கட்டாயத்துக்கு தேவி. (ஆமாம், தேவிதான். ஒரு வாரம் சிரித்தேன்.) பயிற்சித் துணையாக இருந்தவரிடம் 'உங்களோடு பேச வேண்டும்போல இருக்கிறது' என்று சொல்ல நினைத்து, 'மி தேவாஸ் பரோலி குன் வி', அதாவது 'உங்களோடு பேசியே ஆக வேண்டும்' என்று அனுப்பிவிட்டேன். 'ஏதாவது பிரச்சினையா?' என்று பதறிப்போய்ப் பதில் வந்தது.

எதிர்மறை இன்னும் வில்லங்கம். 'நே தேவாஸ்' என்பதை 'கட்டாயமில்லை' என்று படிப்பவர்களும் உண்டு, 'கூடாது' என்று படிப்பவர்களும் உண்டு. நான் அந்தப் பக்கமே போவதில்லை. கூடாது என்றால் 'நே ராய்தாஸ்', தேவையில்லை என்றால் 'நே பெஸோனாஸ்'. தீர்ந்தது.

ஆனால் பெரிய அடி விழுந்தது 'ஆல்' விகுதியில்தான். ஓர் இணையச் சந்திப்புக்கு அழைத்திருந்தார்கள். 'நேரம் கிடைத்தால் வருவேன்' என்பதை 'சே மி ஹாவுஸ் தெம்போன், மி வெனுஸ்' என்று எழுதினேன். 'உஸ்' என்றால் நிபந்தனை என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும். அவர்கள் புரிந்துகொண்டது வேறு: நேரம் இருந்தால் வரலாம்தான், ஆனால் இல்லையே! அன்று உள்ளே நுழைந்தால், பேசுவோர் வரிசையில் என் பெயரே இல்லை. நடக்க வாய்ப்பிருக்கும் நிபந்தனைக்கு இரண்டு பாதியிலும் எதிர்காலம் போதும்: ஹாவோஸ், வெனோஸ். வெறும் கற்பனை என்றால்தான் இரண்டிலும் 'உஸ்'. நாம் 'நேரம் இருந்தால் வருவேன்' என்று ஒரே வாக்கியத்தில் நம்பிக்கையும் கொடுப்போம், நழுவவும் செய்வோம். அங்கே எது என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

பதில்: எனக்கு இதே கதை 'முடியாது'வில். 'அதெல்லாம் முடியாது' என்று மறுப்பது நமக்குச் சகஜம். நான் 'மி நே போவாஸ்' (என்னால் இயலாது) என்றதும் எதிரில் இருந்தவர் பாவம், எனக்குச் செய்யத் தெரியவில்லை என்று நினைத்து விளக்க ஆரம்பித்துவிட்டார். 'நே வோலாஸ்' என்று சொல்ல அப்புறம் கூச்சமாகிவிட்டது. ஆனால் விகுதிகள் அழகு. லெகெப்லா என்றால் படிக்கக்கூடியது, லெகிந்தா படிக்கத்தக்கது, லெகெந்தா படித்தே தீரவேண்டியது. என்னிடம் லெகெந்தா குவிந்து கிடக்கிறது, படிப்பதென்னவோ லெகிந்தாவை மட்டும்தான்.

பதில்: நீங்கள் எல்லாம் வோலி, தேவி என்று இரண்டோடு போராடுகிறீர்கள். நான் கற்றது 2001-இல் சோன்யா லாங் என்பவர் உருவாக்கிய தோக்கி போனா என்ற குட்டி மொழி. மொத்தமே நூற்றிருபதுக்குக் கொஞ்சம் கூடுதலான சொற்கள். ஆசை, தேவை, கட்டாயம் மூன்றுக்கும் ஒரே 'விலே'. நம் 'வேண்டும்' மாதிரியே இருக்கிறதே என்று துள்ளிக் குதித்து, ஒரு மாதம் அதிலேயே நாட்குறிப்பு எழுதினேன். போன வாரம் எடுத்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் 'மி விலே பலி'. பலி என்றால் அங்கே வேலை, பொருத்தம் தற்செயல்தான். அன்றைக்கு வேலை செய்ய ஆசைப்பட்டேனா, செய்தாக வேண்டியிருந்ததா என்று எனக்கே தெரியவில்லை.