மணமுறிவுக்குப் பின் மகளின் கல்லூரி நிதியுதவி: யாருடைய வருமானத்தைக் காட்டுவது?

கேள்வி:
வணக்கம். மணமுறிவு பெற்று, பன்னிரண்டாம் வகுப்பு மகளுடன் நியூஜெர்சியில் வசிக்கிறேன். மறுமணம் செய்துகொண்ட அவள் தந்தை, கல்லூரிச் செலவுக்குப் பணம் தர இயலாது என்று சொல்லிவிட்டார். ஃபாஃப்சா (FAFSA) என்னும் அமெரிக்க அரசின் கல்லூரி நிதியுதவி விண்ணப்பத்தில் இருவர் வருமானத்தையும் காட்ட வேண்டுமா?

மறுமொழி 1:
வேண்டாம், ஒருவருடையது போதும். 2024-25 கல்வியாண்டு முதல், பிள்ளை யாருடன் தங்கியிருந்தாள் என்பதை விடுத்து, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களில் அவளுக்காக அதிகம் செலவழித்தவர் யார் என்றே பார்க்கிறார்கள். அது தந்தை என்றாகிவிட்டால் அவருடைய இப்போதைய மனைவியின் வருமானமும் கணக்கில் சேரும் என்பதால், வாடகை, மருத்துவக் காப்பீடு போன்றவற்றுக்கு நீங்கள் செலுத்திய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மறுமொழி 2:
தனியார் கல்லூரிகளில் கதை வேறு, சகோதரி. அவற்றுள் பல, சிஎஸ்எஸ் புரொஃபைல் என்னும் இன்னொரு படிவத்தைக் கேட்டு, பிரிந்து வாழும் தந்தையின் வருமானக் கணக்கையும் தனியே தரச் சொல்கின்றன. அவர் தர மறுக்கிறார் என்பதற்காக மட்டும் விலக்கு கிடைப்பது அரிது; நெடுங்காலம் தொடர்பே இல்லை, வன்முறை இருந்தது போன்ற காரணங்களைப் பள்ளி ஆலோசகர் போன்றோரின் கடிதத்துடன் காட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ஃபாஃப்சாவே போதும் (மிச்சிகன் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு). ஆகவே உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தை முதலில் பாருங்கள்.

மறுமொழி 3:
உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கணித்துச் சொல்லும், கல்லூரி இணையதளங்களிலுள்ள நிகரக் கட்டணக் கணிப்பானை முழுதாக நம்ப வேண்டாம். பிரிந்த பெற்றோரின் நிலையைப் பல கணிப்பான்கள் சரியாகக் கணக்கிடுவதில்லை. நிதியுதவி அலுவலகத்துக்கே எழுதிக் கேட்பது நல்லது.