தாம்பரம் பக்கத்துச் சபையின் பழைய பதிவேடு: யாராவது உதவ முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். 1931இல் மின்சார ரயில், 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி என்று வந்தபிறகுதான் குடும்பங்கள் பெருகின என்பார்கள் பெரியவர்கள். சரி, அது இருக்கட்டும். 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாகி சி.எஸ்.ஐ. உருவானது அல்லவா? அதற்கு முன் நாங்கள் எந்தப் பக்கம் என்பதுதான் குழப்பம். ஞானஸ்நானப் பதிவேட்டின் முதல் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. ஓரிடத்தில் நீல மையில் 'உபதேசியார்' (ஆயருக்குத் துணையாகச் சபையில் போதிப்பவர்) என்று மட்டும் தெரிகிறது, பெயர் இருந்த இடத்தில் ஓட்டை!

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் ஞானஸ்நானச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, அசனத்தில் (சபை விருந்தில்) எடுத்த படம் ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்களேன். ஆயரின் கையெழுத்து தெரிந்தால் ரொம்ப உதவி.