ரியூனியன் எரிமலை: மூட்டு வலி உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?

கடலூரான்:
அடுத்த மாதம் நான், மனைவி, அம்மா மூன்று பேரும் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனுக்குப் போகிறோம். அங்கே சேன் பியேர் ஊரில் தங்கல், வாடகைக் கார். அம்மாவுக்கு வயது 66, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் நடப்பார், படி இறங்குவதுதான் கஷ்டம். புவியியல் டீச்சராக இருந்தவர். முப்பது வருஷம் கரும்பலகையில் எரிமலை வரைந்திருக்கிறார், நேரில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. விசாரித்த இடத்தில் "போக வர ஐந்து மணி நேர நடை, வயதானவர்கள் வேண்டாம்" என்று முடித்துவிட்டார்கள். அம்மா முகமே வாடிவிட்டது. வேறு வழி உண்டா?

காரைக்கால் மைந்தன்:
தம்பி, அம்மாவைக் கண்டிப்பாகக் கூட்டி வாருங்கள். நான் பதினொரு வருஷமாக சேன் பியேர்வாசி. கைத்தடி ஊன்றும் என் அப்பாவையே கூட்டிப்போய்க் காட்டினேன்.

அவர்கள் சொன்னது 2632 மீட்டர் உயர உச்சிக்கான நடை. எரிமலையைப் பார்க்க உச்சிக்குப் போக வேண்டியதில்லை. பா தெ பெல்கோம் என்ற விளிம்பு வரை, அதாவது 2311 மீட்டர் வரை, காரே போகும். நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். காலடியில் செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர், அடியில் கன்னங்கரேலென்று உறைந்த எரிகுழம்புத் தரை, எதிரே பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற அந்த எரிமலை முழுசாக. கீழே செம்மண் நிறத்தில் ஒரு குட்டிக் கூம்பு தெரியும். 1753இல் உண்டானது, பெயர் ஃபோர்மிகா லேயோ. நம் ஊர் மணலில் குழி பறிக்கும் குழியானைப் பூச்சியின் பெயர்தான் அது! அந்தக் குழி மாதிரியே இருப்பதால் வைத்தார்கள். அங்கே போக ஐந்நூறுக்கு மேல் படி. அம்மா மேலேயே இருக்கட்டும்.

விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும், பிறகு காத்திருந்து பிரயோஜனம் இல்லை. கடற்கரையில் வியர்த்தாலும் மேலே நடுங்கும், ஸ்வெட்டரும் மப்ளரும் அவசியம். பிளேன் தெ சாப்ளு என்ற எரிமலை மணல்வெளியைக் கடக்கும் மண்பாதையில் பள்ளம் அதிகம். அம்மாவுக்காக மெதுவாக ஓட்டுங்கள்.

இன்னொரு நாள் கிழக்குக் கரைக்குப் போங்கள். 2007 ஏப்ரலில் எரிகுழம்பு நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடலில் விழுந்த இடம் அது. அதே சமயத்தில் உச்சிப் பள்ளத்தின் தரை சுமார் 300 மீட்டர் உள்வாங்கியது. இங்கே சாலையோரத்திலேயே உறைந்த குழம்பு. அம்மா கையால் தொடலாம். அப்பா தொட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

சேன் ஆந்த்ரே தேவி:
அண்ணன் சொன்னதோடு பித்தோன் சேன் ரோஸ் தேவாலயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1977இல் குழம்பு ஊருக்குள் புகுந்து, கோவிலைச் சுற்றி வந்து, வாசலோடு நின்றது. சுவரை ஒட்டி இன்னமும் கறுப்பாகக் கிடக்கிறது. மத்தியானச் சாப்பாட்டில் "ப்ரேத் முருங்" இருந்தால் அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள். நம் முருங்கைக்கீரைதான், பேரும் நம்முடையதுதான். மலைப்பாதையில் வளைவு அதிகம், வாந்தி மாத்திரை கையில் இருக்கட்டும்.

கடலூரான்:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ஒரு சின்னக் கல் எடுத்து வரலாமா என்று கேட்கிறார், தான் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்துக்குத் தருவதற்காம்.

காரைக்கால் மைந்தன்:
அது மட்டும் முடியாது தம்பி. எரிமலைப் பகுதி தேசியப் பூங்கா, 2010 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமும்கூட. கல்லை எடுக்கக் கூடாது. கயிறு திரித்த மாதிரி உறைந்த பரப்பையும், காற்றுக்குமிழி விட்ட ஓட்டைகளையும் கிட்டே போய்ப் படம் எடுத்துக் கொடுங்கள், பிள்ளைகளுக்கு அது போதும். வரும் தேதியைச் சொல்லுங்கள். எரிமலை ஆய்வகத்தின் கேமராவை விடியுமுன் பார்த்து, வானம் தெளிவா என்று தகவல் அனுப்புகிறேன்.